நூறு பேர், ஒரு ஸ்வெட்டர்

அத்தியாயம் ஆறு

ஆஸ்பத்திரியின் முகப்பில் நாலு மாடி உயரத்துக்குத் தொங்கிய பேனரில் பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு பல்லே ஒரு ஜன்னலை மறைத்தது. பற்களுக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'மூளை ரத்தக்குழாயில் வீக்கமா? எங்கள் ஸ்டென்ட் இருக்கிறது! நூறு பேர். ஆறு மாதம். நூறு வெற்றி.'

"என் வகுப்புல ஒருத்தன் எப்பவும் நூத்துக்கு நூறு வாங்குவான் மேடம்," என்றான் ரெப். "கடைசியில பார்த்தா வாத்தியார் வீட்டுல குடியிருந்தவன்."

"உள்ளே வா," என்றாள் மேடம்.

மேடம் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாகக் குப்பை கொட்டியவள். எரியாத குடோனுக்கும் சாகாத மாமனாருக்கும் காப்பீடு கேட்டு வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. ஓய்வு பெற்றபின் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஏஜென்சி திறந்து, அந்தப் பெயரையே போர்டில் போட்டுக்கொண்டாள். ரெப் அவளுடைய உதவியாளன். நாற்பத்திநாலு வயது. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக மருந்து விற்ற மெடிக்கல் ரெப். ஒரு நாள் ஒரு டாக்டர், "இது நல்ல மருந்தாய்யா?" என்று கேட்க, வாய் தவறி, "சுமார்தான் சார்" என்று சொல்லிவிட்டான். அத்தோடு அந்த வேலைக்கு முழுக்கு.

ஆனால் இன்றைக்கு வந்திருப்பது ஊரார் கேஸ் இல்லை. ஐந்தாவது மாடி, பன்னிரண்டாம் நம்பர் அறையில் படுத்திருப்பது ரெப்பின் சொந்த அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாடிப்படியில் கால் இடறி விழுந்தாள் என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் நாலு மில்லிமீட்டருக்கு ஒரு வீக்கம், நைந்துபோன சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. வெடித்தால் ஆபத்து. வெடிக்காமலே இருந்தாலும் இருக்கும். நாளைக் காலை எட்டு மணிக்குத் தொடை வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, அந்த இடத்தில் கம்பிவலைக் குழல் ஒன்றை நிறுத்தப் போகிறார்கள். அதற்குப் பேர்தான் ஸ்டென்ட்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், நேற்று சாயங்காலம் அறைக் கதவுக்கு அடியில் ஒரு மொட்டைக் கடிதம் வந்து கிடந்தது. 

'4.6 மி.மீ. வீக்கத்துக்கு இத்தனை அவசரம் தேவையா? அந்த நூறு பேரின் ஆறு மாதப் படிவங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நலம் விரும்பும் ஒருவர்.'

"எழுதினவன் அரைவேக்காடு மேடம்," என்றான் ரெப், லிஃப்ட்டில். "அளவே தப்பு. அக்காவுக்கு நாலுதான், ரிப்போர்ட்டை நான் பத்து தடவை படிச்சிட்டேன். போட்டிக் கம்பெனிக்காரன் வேலையா இருக்கும். நாங்களும் அந்தக் காலத்துல இதெல்லாம் பண்ணியிருக்கோம்."

மேடம் "ம்" என்று மட்டும் சொல்லி, கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் "ம்" போட்டால் எங்கோ யாருக்கோ கஷ்டகாலம் என்பது ரெப்புக்குத் தெரியும்.

அறையில் டீச்சர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஆபரேஷன். இப்பப் போய் இது எதுக்கு?"

"நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா இந்தப் பிள்ளைங்களுக்கு யாருடா மார்க் போடறது? நீ போடுவியா? உனக்குப் பின்னக் கணக்கே வராது." டீச்சர் பேனாவை மூடினாள். "இந்த ஆஸ்பத்திரியில எல்லாம் ஒரே கூத்தா இருக்கு. காலையில ஒருத்தன் கேமராவைத் தூக்கிட்டு வந்தான். பூங்கொத்து பிடிங்கன்னான், பிடிச்சேன். அப்புறம் இந்தப் புழுக்கத்துல ஒரு நீல ஸ்வெட்டரை மாட்டிவிட்டு இன்னொரு படம். சிரிங்க டீச்சர், சிரிங்க டீச்சர்னு ஒரே தொல்லை."

"நீ சிரிச்சியா?"

"பயமா இருக்குடா," என்றாள் டீச்சர், சட்டென்று குரல் இறங்கி. "ஆனா சிரிச்சேன்."

ரெப்புக்கு ஒரு பதில் ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான். அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்து, படிக்கவைத்து, பெட்டி தூக்கும் வேலைக்கு முதல் டை வாங்கிக் கொடுத்தவள் இந்த அக்காதான்.

வெளியே நடைக்கூடத்தில், சுவர் முழுக்க ஃபோட்டோக்கள். மேலே 'வெற்றிச் சுவர்' என்று பித்தளை எழுத்து. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு படம். முதல் படத்தின் கீழ் 'வீடு திரும்பும் நாள்'. இரண்டாவதன் கீழ் 'ஆறு மாதம் கழித்து'. மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தாள்.

"ரெப், இந்த ரெண்டாவது வரிசையில என்ன தெரியுது?"

"சிரிப்பு மேடம். ஆரோக்கியம். பேனர்ல போட்டது அத்தனையும்."

"உடுப்பைப் பாரு."

ரெப் பார்த்தான். ஆறு மாதம் கழித்து வந்த லாரி ஓட்டுநர் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார், வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. ஆறு மாதம் கழித்து வந்த ஒல்லி மனுஷர் ஒருவரும் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார், அதற்குள் அவரைத் தேடவேண்டியிருந்தது. ஒரு பாட்டுக்காரம்மா, ஒரு தபால்காரர், ஒரு புதுப்பெண், எல்லோருக்கும் அதே நீல ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை.

"ஸ்டென்ட் வெச்சா குளிரும் போல," என்றான் ரெப். சொல்லும்போதே அவனுக்குப் பொறி தட்டியது. "மேடம்... அக்காவுக்கும் இன்னைக்கு..."

"கையையும் பாரு. புறங்கையில ஊசிக்கு ஒட்டின பிளாஸ்திரி. ஆறு மாசமா பிரிக்காம வெச்சிருந்தாங்களா?"

"நம்ம காதுல நல்லா பூ சுத்துறாங்க மேடம்."

"பூங்கொத்தே சுத்துறாங்க. வா, ஃபைல் ரூமுக்குப் போவோம்."

தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவளை ஆஸ்பத்திரியே ஃபைல் அம்மா என்று கூப்பிட்டது. நல்ல பொம்பளை. யாரையும் ஒரு நிமிஷம்கூடக் காக்கவைக்க மாட்டாள். ரெப் தன் அக்காவின் ஃபைலைப் பார்க்க வேண்டும் என்றதும், அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு உடனே எடுத்துக் கொடுத்தாள்.

ரெப் புரட்டினான். ஸ்கேன் ரிப்போர்ட். சம்மதப் பத்திரம். அதற்கடுத்து ஒரு மஞ்சள் தாள். 'ஆறு மாதப் பரிசோதனை. தலைவலி: இல்லை. கை கால் பலவீனம்: இல்லை. பேச்சில் குழறல்: இல்லை. நோயாளி பூரண நலத்துடன் உள்ளார்.' கீழே, பிசிறில்லாமல், அக்காவின் கையெழுத்து.

அவன் தாளை ஃபைல் அம்மா பக்கம் திருப்பினான். 

"ஏங்க, எங்க அக்காவுக்கு ஆபரேஷனே நாளைக்குத்தானே?"

"ஆமா," என்றாள் ஃபைல் அம்மா பெருமையாக. "முன்னாடியெல்லாம் ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லுவோம். யார் வருவாங்க சொல்லுங்க? பஸ் பிடிக்கணும், லீவு போடணும். பாவம், அவங்களை எதுக்கு அலையவிடணும்னு, வீட்டுக்குப் போற அன்னைக்கே ரெண்டு படிவத்துலயும் கையெழுத்து வாங்கிடுவோம். நான்தான் யோசனை சொன்னேன். அப்புறம் டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரே நெரிசலா இருந்துச்சு. அதனால இப்ப அட்மிஷன் அன்னைக்கே முடிச்சிடறோம். தேதியை மட்டும் பிறகு போட்டுக்குவேன்."

"அப்ப ஆறு மாசம் கழிச்சு அவங்க எப்படி இருக்காங்கன்னு..."

"நல்லாத்தான் இருப்பாங்க! நல்லா இல்லைன்னா வந்து நிப்பாங்கல்ல?"

"வந்து நின்னா?" என்றாள் மேடம் மெதுவாக.

"வந்தா அது வேற ஃபைலுங்க. கை கால் விழுந்துச்சுன்னா மூணாவது மாடி, பக்கவாதப் பிரிவு. அவங்க ஃபைல் பச்சைக் கலரு. இங்க வராது." ஃபைல் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், ஏதாவது தப்பா? பெரிய டாக்டரும் போன வாரம் இதையேதான் கேட்டாரு. நூறு ஃபைலையும் எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த ஸ்டூல்ல நாள் பூரா உட்கார்ந்திருந்தாரு. பச்சை ஃபைலையும் கொண்டுவரச் சொன்னாரு. டீகூடக் குடிக்கலை."

ரெப் அதற்குமேல் நிற்கவில்லை. மஞ்சள் தாளை ஃபைலிலிருந்து உருவிக்கொண்டு, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினான்.

"தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கான் மேடம்! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே அக்கா தலையில கை வெக்கப் போறான்! இன்னைக்கு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கறேன்!"

"மூச்சு வாங்கற வயசுல எனக்கு ஆறு மாடி," என்றாள் மேடம், கைப்பிடியைப் பிடித்தபடி. "அங்க போய் நீ கத்து. எவ்வளவு வேணுமோ கத்து. நான் அவர் மேஜையைப் பார்த்துக்கறேன்."

பெரிய டாக்டரின் அறை ஆறாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே பேனரின் பின்பக்கம் படபடத்தது. நேரில் பார்த்தால் பேனரில் இருந்தவரின் அண்ணன் மாதிரி இருந்தார். ரெப் சொன்னபடியே கத்தினான். ஸ்வெட்டர், பிளாஸ்திரி, மஞ்சள் தாள் என்று எதையும் விடவில்லை. தான் விற்ற மருந்துகளுக்கும் இதே மாதிரி பளபளா நோட்டீஸ் கொடுத்த குற்றவுணர்வையும் சேர்த்து அவர் தலையிலேயே கொட்டினான்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "இதெல்லாம் நிர்வாகம் பார்க்கிற வேலை. எனக்கு எதுவும் தெரியாது," என்றார், மென்று விழுங்கி.

மேடம் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். 

"டாக்டர், இந்த ஆஷ்ட்ரே ரொம்ப அழகா இருக்கு. எப்பலேருந்து இதுல ஜெம் கிளிப் போடறீங்க?"

"அது... கொஞ்ச நாளா."

"பக்கத்துல பிரஷர் மெஷின். பக்கத்துல ஒரு நோட்டு, தினம் ரெண்டு வேளை பிரஷர் குறிச்சிருக்கு. முதல் தேதி அஞ்சு வாரத்துக்கு முன்னாடி. எல்லாம் ஒரே ஆளோட பிரஷர்." மேடம் கைப்பையைத் திறந்து, மொட்டைக் கடிதத்தை மேஜையில் விரித்தாள். "இதுல 4.6 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. டீச்சருக்கு நாலு. எழுதினவன் அரைவேக்காடுன்னான் என் உதவியாளர். எனக்கு அப்படித் தோணலை. கடிதம் எழுதினவர் டீச்சர் அளவைத் தப்பா எழுதலை. வேற ஒருத்தர் அளவைச் சரியா எழுதியிருக்காரு. ராத்திரி பகல் அவர் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கிற நம்பர் அது. பேனாவை எடுத்ததும் தானா வந்து விழுந்திருக்கு."

ரெப் திறந்த வாயை மூட மறந்துவிட்டான்.

"யாரோட அளவு டாக்டர் அது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு, ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு."

"எங்க எடுத்தீங்க ஸ்கேன்?" என்றான் ரெப், நம்பாமல்.

"இங்கதான். என் டிரைவர் பேர்ல. பாவம், அவனுக்கு வாரா வாரம் எங்க ஆஸ்பத்திரியிலேருந்து 'உங்கள் மூளையைக் கவனியுங்கள்'னு மெசேஜ் போகுது. அவன் பயந்துபோய் லீவு போட்டுட்டான்."

சிரிக்கவேண்டிய இடம்தான். ரெப்புக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நீங்களும் ஸ்டென்ட் வெச்சுக்க வேண்டியதுதானே? நூத்துக்கு நூறாச்சே!"

"வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ணத்தான் ஃபைல் ரூமுக்குப் போனேன்," என்றார் டாக்டர். "பத்து வருஷமா அந்த நம்பரை மேடை மேடையா சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட கீழ இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. என் தலைக்குன்னு வந்ததும்தான் போனேன். அசிங்கமா இருக்கு சொல்றதுக்கு."

"சொல்லுங்க," என்றாள் மேடம்.

"நூறுல முப்பத்தொரு பேர்தான் பிறகு எங்க கண்ணுல பட்டிருக்காங்க. அதுல மூணு பேருக்குக் கை கால் பாதிப்பு. மீதி அறுபத்தொன்பது பேர் எப்படி இருக்காங்க, எங்க இருக்காங்க, யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சும் நாளைக்கு எங்க அக்காவுக்குத் தேதி கொடுத்திருக்கீங்க!"

"உங்க அக்கா ஸ்கேனைப் பார்த்தேன். என்னோடது மாதிரியே, அதே இடம், என்னோடதைவிடச் சின்னது. ரத்து பண்ணினா ஏன்னு நிர்வாகம் கேட்கும். சொன்னா, வெளியில தொங்குதே, அதுக்கு என்ன பதில்? தைரியம் வரலை. கடிதம் போட்டேன்."

ரெப் மேஜையை ஓங்கித் தட்டினான். ஜெம் கிளிப்புகள் துள்ளின. "அந்தக் கடிதம் கண்ணுல படாமப் போயிருந்தா? கூட்டறவங்க குப்பையில போட்டிருந்தா? காலைல எட்டு மணிக்கு என்ன பண்ணியிருப்பீங்க?"

டாக்டர் குனிந்து கிளிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மேடம் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"அப்புறம் பொறுக்கலாம் டாக்டர். ஒரு மாடிதான் கீழ. மொட்டைக் கடிதத்துல சொன்னதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லிட்டு வாங்க."

பன்னிரண்டாம் நம்பர் அறையில் டீச்சர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். டாக்டர் கட்டில் ஓரத்து ஸ்டூலில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஆக, நூறு பேர். பரீட்சைக்கு வந்தது முப்பத்தொன்னு. அறுபத்தொன்பது ஆப்சென்ட். ஆப்சென்ட் ஆனவங்களுக்கெல்லாம் பாஸ் போட்டீங்க, ஃபெயிலானவங்களை வேற வகுப்புக்கு மாத்திட்டீங்க," என்றாள் டீச்சர். "இப்படிப் போட்டா என் ஒன்பதாம் வகுப்புகூட நூத்துக்கு நூறுதான் டாக்டர். எங்க ஹெட்மாஸ்டர் சந்தோஷத்துல மயங்கி விழுந்திருப்பாரு."

"தப்புதான்."

"இந்த ஸ்டென்ட்டே ஏமாத்து வேலையா? அதைச் சொல்லுங்க."

"இல்லைம்மா," என்றார் டாக்டர், முதல்முறையாக நிமிர்ந்து. "அது நல்ல சாமான். வீக்கம் பெருசா இருந்தா, அந்த வீக்கத்தோட வாய் அகலமா இருந்தா, சில பேருக்கு அதுதான் வழி. ஆனா வெக்கும்போதும் ஆபத்து உண்டு, வெச்ச பிறகு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும், அதுலயும் ஆபத்து உண்டு. உங்களுக்குச் சின்னது, வழவழன்னு இருக்கு, வீட்டுல யாருக்கும் இது வந்ததில்லை. இதுக்கு, கண்காணிக்கிறதைவிட வெக்கிறதுதான் நல்லதுன்னு சொல்ல என்கிட்ட நம்பர் இல்லை. இருந்த நம்பர் அந்த ஸ்வெட்டர்தான். வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிக் கேளுங்க."

"உங்களுக்கு எவ்வளவுன்னீங்க?"

"நாலு புள்ளி ஆறு."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சிகரெட்டை விட்டுட்டேன். பிரஷரைக் குறைக்கிறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

டீச்சர் விடைத்தாள்களை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். "எனக்கும்தான்," என்றாள்.

ஓரமாக நின்றிருந்த ரெப் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அடக்கிவைத்த அத்தனையும் இப்போதுதான் வெளியே வந்தது. மேடம் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவன் பக்கம் பார்க்காமலே நீட்டினாள்.

"டேய், அழறதுக்கு ஒண்ணுமில்லை. போய் என் செருப்பை எடுத்துட்டு வா, வீட்டுக்குப் போவோம்," என்றாள் டீச்சர். பிறகு டாக்டரிடம், "நாளைக்கு எட்டு மணிக்கு உங்களுக்கு வேலையில்லாம போச்சே?"

"இருக்கு. பேனரை இறக்கணும். அப்புறம் அறுபத்தொன்பது பேர் வீட்டுக் கதவைத் தட்டணும்." அவர் எழுந்தார்.

"இருங்க." டீச்சர் தன் மஞ்சள் தாளை ரெப்பிடமிருந்து வாங்கினாள். சிவப்புப் பேனாவைத் திறந்து, 'நோயாளி பூரண நலத்துடன் உள்ளார்' என்பதைக் குறுக்கே அடித்தாள். ஓரத்தில் தேதி போட்டாள், இன்றையிலிருந்து சரியாக ஆறு மாதம் கழித்து. அதன் கீழ் இரண்டு வரிசை எண் போட்டாள். ஒன்று, டீச்சர். இரண்டு, டாக்டர்.

"ஸ்கேன் ரூம் வாசல்ல, காலைல பத்து மணிக்கு. அந்த ஸ்வெட்டரையும் கொண்டுவாங்க, நானே நேர்ல போட்டுக்கிட்டு சிரிக்கறேன்," என்றாள் டீச்சர். "நீங்களும் வரணும். வரலைன்னா ஆப்சென்ட்தான் போடுவேன் டாக்டர். பாஸ் போடமாட்டேன்."